பதினேழாம் மிதவைக்குக் காய்ச்சல்

பதினேழாம் மிதவைக்குக் காய்ச்சல் வந்து வந்து போனது. பதினான்கு மாதங்களாக. ஏன் என்று பிளாவியாவால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அந்த மிதவை மாலத்தீவுக்கு மேற்கே, அரபிக்கடலில், நான்கு கிலோமீட்டர் ஆழத்துக்குக் கம்பி இறக்கி நின்றது. மேலே நான்கு பேர் உட்காரக்கூடிய ஒரு வட்ட மேடை. கீழே, கம்பி நெடுக வெப்பமானிகள். ஒரு மீட்டர் ஆழத்தில் ஒன்று, பத்து மீட்டரில் ஒன்று, இருபதில் ஒன்று. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவை தங்கள் எண்களைச் சென்னையில் இருக்கும் கடல்வெப்பக் கண்காணிப்பு மையத்துக்கு அனுப்பும். அங்கே அந்த எண்களைப் பார்ப்பதுதான் பிளாவியாவின் வேலை.

காய்ச்சல் வரும் விதம் எப்போதும் ஒன்றுதான். ஒரு மீட்டர் வெப்பமானி திடீரென்று முக்கால் டிகிரி ஏறும். முக்கால் மணி நேரம் அப்படியே நிற்கும். பிறகு இறங்கிவிடும். பத்து மீட்டரில் இருப்பதற்கு ஒன்றுமே தெரியாது.

காற்றில்லாத நாளில் குளத்தின் மேல்தண்ணீர் மட்டும் சுடுவது போல வெயிலால் இருக்கலாம் என்று முதலில் நினைத்தாள். ஆனால் காற்று வீசிய நாட்களிலும் காய்ச்சல் வந்தது. கருவியில் கொட்டலசு, கப்பலடியில் ஒட்டும் அந்தச் சிப்பி, ஒட்டியிருக்குமோ என்றால், ஒட்டினால் எண் மெல்ல மெல்லத்தான் நகரும், இப்படித் துள்ளாது. மின்கலம் பழுதென்றால் எல்லா வெப்பமானியும் சேர்ந்து பிழை காட்ட வேண்டும். கடைசியாகக் கப்பல் அனுப்பிப் புது வெப்பமானி மாட்டினார்கள். ஐந்தாம் நாள் புதியதற்கும் அதே காய்ச்சல்.

முக்கால் டிகிரி ஒரு பெரிய விஷயமா என்றால், எழுகுழாய்கள் வருவதற்கு முன்பு இல்லை.

இந்தியப் பெருங்கடலை ஒரு சீசா பலகையாக நினைத்துக்கொள்ளலாம். ஆப்பிரிக்கப் பக்கம் ஒரு முனை, சுமத்ராப் பக்கம் மறுமுனை. எந்த முனையில் தண்ணீர் சூடோ அந்த முனைக்கு மேகம் போகும். மேற்கு மிகவும் சூடானால் ஆப்பிரிக்காவில் வெள்ளம், கிழக்கே காடு பற்றி எரியும். மேற்கு மிகவும் குளிர்ந்தால் ஐப்பசி மழை தமிழ்நாட்டைக் கைவிட்டுவிடும். ஆதிகாலம் தொட்டு இந்தப் பலகை தன் இஷ்டத்துக்கு ஆடிக்கொண்டிருந்தது. ஏழு ஆண்டுகளுக்கு முன்பு அதைப் பிடித்து நிறுத்தும் வழி ஒன்று கிடைத்தது. மேற்குக் கடலில், பத்தாம் எண் முதல் இருபத்தொன்று வரை, பன்னிரண்டு மிதவைகள். ஒவ்வொன்றையும் சுற்றி அறுநூறு எழுகுழாய்கள். ஒவ்வொரு குழாயும் ஓர் ஆள் நிமிர்ந்து நடந்து போகும் அகலம், தொண்ணூறு மீட்டர் நீளம். மிதவை நாற்பது நிமிடம் தொடர்ந்து சூடு காட்டினால் அடைப்புகள் திறக்கும். அலையின் விசையில் ஓடும் பம்புகள் அடியில் இருக்கும் குளிர்ந்த தண்ணீரை மேலே இழுத்துவிடும். ஒருமுறை திறந்தால் மூன்று நாள் மூடாது.

ஆக, பதினேழாம் மிதவைக்கு ஒவ்வொரு முறை பொய்க் காய்ச்சல் வந்தபோதும், சூடே இல்லாத கடலை மூன்று நாள் குளிர வைத்தார்கள். நாற்பத்து மூன்று முறை. பலகையின் மேற்கு முனை தாழ்ந்தது. போன ஐப்பசியில் மழை வரவில்லை.

"உட்காருங்க பிளாவியா," என்றார் இயக்குநர் தட்சிணாமூர்த்தி. வேதாரண்யம் பக்கத்துக்காரர். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது. "எங்க சித்தப்பா மவன் போன வாரம் பூச்சிமருந்தக் குடிச்சுட்டான். நாத்தங்கால்லயே. நாத்தும் காஞ்சு கெடக்கு, அவனும் கெடக்கான்."

"சார்..."

"அவன் பொண்டாட்டி என்னைக் கூப்பிட்டுக் கேக்குது. 'மச்சான், கடலு இப்ப உங்க கையிலதானே இருக்கு, அப்புறம் ஏன் இப்படி?'ன்னு. நான் என்ன சொல்லட்டும்? ஒரு தெர்மாமீட்டர் பொய் சொல்லுதும்மான்னு சொல்லவா?"



"யாரோ கை வைக்கறாங்க," என்றார் அவர். "கடல் இப்படிப் பண்ணாது. கடல்நிலைக் காப்புச் சட்டத்துல அதுக்குப் பத்து வருஷம். ஆளைக் காட்டுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன். ஐப்பசிக்கு இன்னும் ரெண்டு மாசம்தான் இருக்கு."

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமைப் பணி அவளுக்கு. மற்றவர்கள் குடும்பத்தோடு இருக்கட்டும் என்று பல மாதங்களாக ஞாயிறுகளை அவளே எடுத்துக்கொண்டிருந்தாள். ஆளில்லாத அறையில் காலை நீட்டி உட்கார்ந்து கடலையைக் கொறித்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. நான் தனியாக இருக்கும்போது மட்டும் ஏன் இங்கே ஒருமுறைகூட எச்சரிக்கை மணி அடித்ததில்லை?

நாற்பத்து மூன்று தேதிகளையும் கிழமை வாரியாக எழுதினாள். திங்கள் ஒன்பது, செவ்வாய் ஏழு, புதன் ஆறு, வியாழன் எட்டு, வெள்ளி ஐந்து, சனி எட்டு. ஞாயிறு, பூஜ்யம்.

கடலுக்கு ஞாயிறு தெரியாது. காற்றுக்கும் கொட்டலசுக்கும் தெரியாது. ஞாயிறு தெரிந்தவர்கள், நடுக்கடலில்கூட அன்றைக்கு எஞ்சினை அணைத்து, வலையைத் தொடாமல், ஜெபமாலை சொல்பவர்கள் யார் என்று பிளாவியாவுக்கு நன்றாகத் தெரியும். அவள் அவர்கள் நடுவில் பிறந்தவள். குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் மணக்காட்டுத்துறை அவள் ஊர். ஞாயிற்றுக்கிழமை மீன் பிடித்தவனைக் கோயில் கமிட்டி ஊர் நடுவில் நிறுத்திக் கேள்வி கேட்கும் ஊர்.

மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும் முன் தம்பியைக் கூப்பிட்டாள். ததேயு இருபத்தொன்பது வயதிலேயே படகுக்குத் தலைவன். பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு முப்பது நாள், நாற்பது நாள் ஆழ்கடலில் கிடப்பவன்.

"லே ததேயு, எங்கன நிக்க?"

"துறைமுகத்துலக்கா. ஐஸ் ஏத்திட்டு நிக்கோம். நாளைக்கு அடுப்புக்குப் போறோம்."

"எந்த அடுப்புக்கு?"

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம். "நீ ஆபீசுலயா இருக்க, வீட்டுலயா?"

"வீட்டுல."

"அப்பம் சொல்லலாம். ஒன் மிதவதான் அடுப்பு. பதினேழு."

பிளாவியா கையிலிருந்த பையைக் கீழே வைத்தாள்.

"எஞ்சினக் குளுத்திட்டு வெளிய வருதுல்லா சுடுதண்ணி, அதுல ஒரு ஓஸ் குழாய மாட்டணும்," என்றான் ததேயு. குரலில் பெருமை. "ஒன் தெர்மாமீட்டருக்குக் கொஞ்சம் அடியில பிடிக்கணும். நேரா மேல பிடிக்கப்பிடாது, ரொம்ப ஏறிரும், சந்தேகம் வந்துரும். முக்கா மணிக்கூறு. பெறவு கயித்த அவுத்துட்டு ஒதுங்கி நிப்போம். அன்னைக்கே தண்ணி குளுரும். மூணாம் நாளு கணவா வரும், அது பொறத்தால சூர மீனு வரும். அடுப்பு பத்திட்டுன்னா சோறு வெந்த மாதிரிதான்."

"இத யாருலே ஒங்களுக்குச் சொல்லித் தந்தா?"

"நல்ல கேள்வி! நீதானக்கா."

"நானா?"

"முந்தா வருசம் மாதா திருநாளுக்கு வந்தப்பம். நம்ம வீட்டு முத்தத்துல, சோறு தின்னுட்டு இருக்கும்பம். ரசச் சட்டிய நடுவுல வெச்சு, இதாக்கும் கடலுன்னு சொன்னியே."

அவளுக்கு நினைவு வந்தது. அன்று பதினைந்து, இருபது பேர் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் படகுக்காரர்கள். அவள் கரண்டியால் அடி மண்டியைக் கலக்கி மேலே கொண்டுவந்து காட்டினாள். கீழ்த்தண்ணீரில் செத்த மீனின் சத்தெல்லாம் கிடக்கிறது. மேலே வந்து வெயில் பட்டால் பாசி வளரும். பாசியைத் தின்னக் கூனி இறால் வரும், கூனியைத் தின்னக் கணவாய் வரும். வயலுக்கு உரம் போட்ட மாதிரி என்றாள். மிதவைக்கு மூளை கிடையாது, நாற்பது நிமிடம் சூடு பட்டால் திறக்கும், அவ்வளவுதான் என்றாள். ஒருவர்கூடக் கொட்டாவி விடவில்லை. எவ்வளவு நன்றாகக் கேட்கிறார்கள் என்று அன்றைக்கு அவளுக்கு அத்தனை சந்தோஷம்.

"லே, அதுனால மழ பெய்யல. ஆளு சாவுது. அங்க ஒருத்தன் மருந்தக் குடிச்சுச் செத்துருக்கான்."

அந்தப் பக்கம் ஐஸ் உடைக்கும் எந்திரம் இரைந்தது.

"சங்கடந்தான்க்கா. ஆனா ஒண்ணு கேளு. ஒங்க குழா வந்த பெறவு வேற எங்கயும் மீனு இல்ல. குளுந்த தண்ணி எங்க ஏறுதோ அங்கதான் போய் அடையுது. முன்ன கடலு முழுக்கத் தேடுவோம், கிட்டும். இப்பம் ஒங்க அடைப்பு எப்பம் தெறக்கும்னு காத்துக் கெடக்கோம். நாங்க என்ன செய்ய? கரையில இருந்து வெத்தல போடவா?"

"எத்தன போட்டு இதுல எறங்கியிருக்கு?"

"நம்ம துறையில முப்பத்தொண்ணு. எல்லாரும் மொற வெச்சுப் பத்த வெப்போம்."

"பிடிச்சா பத்து வருசம் செயிலு. தெரியுமாலே?"

"எங்க பேரு யாருக்குத் தெரியும்? ஒனக்குத்தான் தெரியும்." மறுபடி சிரித்தான். "நீ ஒண்ணு செய்யி. அங்கன இருந்தே ஒரு தடவ நல்லாத் தெறந்து விடு. குழாய்க்குப் பக்கத்துல இருக்கது எங்க அக்கா, பெறவு நாங்க என்னத்துக்கு டீசலக் கரிக்கணும்?"

கிழமைக் கணக்கு எழுதிய தாளைத் தட்சிணாமூர்த்தி ஒரு நிமிடம்தான் பார்த்தார். அவருக்கு அதற்கு மேல் தேவைப்படவில்லை.

"உங்க ஊர்க்காரங்களா?"



"சொந்தக்காரங்களா?"

பிளாவியா தாளைத் திரும்ப வாங்கக் கையை நீட்டினாள். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். கோபப்படவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

"பேரு குடுங்க. இல்லைன்னா வழி குடுங்க. பேரே தேவைப்படாத மாதிரி ஒரு வழி. வெள்ளிக்கிழமைக்குள்ள ரெண்டுல ஒண்ணு என் மேசைக்கு வரணும்."

பிளாவியா வழி தேடினாள். ஒரு மீட்டரும் பத்து மீட்டரும் சேர்ந்து சூடானால் மட்டும் நம்பலாம் என்றால், குழாயை நீட்டிப் பத்து மீட்டருக்கு இறக்குவார்கள். கேமரா வைத்தால் சாக்கைப் போட்டு மூடுவார்கள். காவல் கப்பல் போய்ச் சேர இரண்டு நாள் ஆகும். எந்தப் பூட்டுப் போட்டாலும் சாவி செய்வார்கள். அவர்களுக்கு மூளை இருந்தது, பசியும் இருந்தது. மீன் வரும்வரை அவர்கள் வருவார்கள்.

இந்த இடத்தில் அவள் பேனா நின்றது. மீன் வரும்வரை.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் அறைக்குப் போய் ஒரு தாளில் நெடுக்காகக் கோடு போட்டாள். மேலே கடல்மட்டம். நடுவில் ஒரு புள்ளி. அடியில் ஒரு புள்ளி.

"இப்ப குழாயோட வாய் தொண்ணூறு மீட்டர்ல இருக்கு சார். அதை நானூறுக்கு இறக்கணும். குழாய் மடிப்பு மடிப்பா இருக்கறதுதான், இங்கேருந்தே விரிச்சு நீட்டலாம். கப்பல்கூட வேணாம்."

"அதனால?"

"நானூறுல தண்ணி பதினோரு டிகிரிதான். அவ்வளவு குளிர்னா பாதித் தண்ணி போதும். மூணு நாளுக்குப் பதிலா ஒன்றரை நாள்ல மூடிடலாம். பொய்யாத் திறந்தாலும் பாதிப்பு பாதி. உண்மையாத் திறந்தா வேலை அதே வேலை." அவள் குரலில் வேகம் ஏறியது. முகம் மலர்ந்தது. "இன்னொண்ணு இருக்கு. மேல செத்ததெல்லாம் கீழ விழுந்து அழுகும் இல்லையா? அழுகறதுக்கு ஆக்ஸிஜன் வேணும். அங்க வெளிச்சமும் இல்ல, காத்தும் படாது, செலவானதைத் திருப்பி நிரப்ப வழியே இல்ல. இருட்டறையில கதவைச் சாத்திட்டு விறகு எரிச்ச மாதிரி. அரபிக்கடல்ல அந்த அடுக்கு ரொம்பத் தடிப்பு சார். உரம் இருக்கு, குளிர் இருக்கு, மூச்சு மட்டும் இல்ல. அந்தத் தண்ணி மேல வந்தா..."

அங்கே நிறுத்தினாள்.

"வந்தா?" என்றார் தட்சிணாமூர்த்தி.

"மீன் நிக்காது."

"நிக்காதுன்னா?"

"ஓட முடிஞ்சது ஓடும்."

"ஓட முடியாதது?"

அவள் பேனாவை மூடினாள்.

"எவ்வளவு நாளைக்கு?"

"அந்தத் தண்ணி கலைஞ்சு சரியாக வருஷக்கணக்கு ஆகும். அதுக்குள்ள மறுபடி திறப்போம்."

"பன்னிரண்டு மிதவையிலயும் பண்ணணும். இல்லைன்னா பக்கத்து மிதவைக்குப் போயிடுவாங்க."

"ஆமா சார்."

அவர் தாளைத் தன் பக்கம் இழுத்துக் கையெழுத்துப் போட்டார். "அப்ப பேரு வேணாம். ஒரே ஒரு விஷயம். ஊருக்குச் சொல்லக்கூடாது. யாருக்காவது சொன்னீங்கன்னா, யாருக்குச் சொன்னீங்கங்கறதே பட்டியலாயிடும். புரியுதா?"

புரிந்தது. வெளியே வந்து நடையில் நின்றபோது முதலில் அவளுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. தம்பி ஜெயிலுக்குப் போக மாட்டான். ஐப்பசியில் மழை வரும். கணக்கு அழகாக வந்திருந்தது. இப்படி ஒரு விடை ஆண்டில் ஒருமுறைகூடக் கிடைக்காது.

திங்கட்கிழமை ஏழாயிரத்து இருநூறு குழாய்களும் கடலுக்கடியில் ஒரே நேரத்தில் மடிப்பு விரித்து நீண்டன. அதற்கு அடுத்த வாரம், செவ்வாய்க்கிழமை காலை, பதினேழாம் மிதவைக்குக் காய்ச்சல் வந்தது. முக்கால் டிகிரி. நாற்பது நிமிடம் ஆனதும் அடைப்புகள் திறந்தன. பிளாவியா திரையை விட்டு எழவில்லை. சாயங்காலத்துக்குள் மேல்தண்ணீரின் வெப்பம் இரண்டு டிகிரி இறங்கியது. பக்கத்துக் கட்டத்தில் ஆக்ஸிஜன் அளவு லிட்டருக்கு நாலரை மில்லிலிட்டரிலிருந்து மூன்று, ஒன்றரை, அரை என்று இறங்கி, மறுநாள் காலை அரைக்கும் கீழே போய் நின்றது.

புதன்கிழமை பதினொரு மணிக்குச் செயற்கைக்கோள் தொலைபேசியில் தம்பி கூப்பிட்டான். காற்றுச் சத்தத்துக்கு மேலே கத்தினான்.

"அக்கா! செஞ்சிட்டியேக்கா!"

"என்னலே?"

"நடிக்காத. நல்லாத் தெறந்து விடுன்னு நாங்கேட்டேன், நீ செஞ்சிட்ட. மூணு நாளெல்லாம் வேண்டாம், ஒரே ராத்திரி! வல போட வேண்டாங்கா, அள்ளினாப் போதும். சூர, கேர, கணவா, பேரு தெரியாதது எல்லாம் மேல வந்து நிக்கி. வாயப் பொளந்துட்டு நிக்கிக்கா, கோயிலுல பிள்ளைக பாட்டுப் பாடுத மாதிரி. கையால தொட்டாக்கூட ஓட மாட்டேங்கு!"

அவனுக்குப் பின்னால் ஆட்கள் கூவுவது கேட்டது. யாரோ மரியே வாழ்க என்றார்கள்.

"ததேயு..."

"ஒன்பது போட்டும் நெறஞ்சாச்சு. நம்ம அப்பன் காலத்துல இப்பிடி ஒரு மீன்பாடு கெடையாது. நம்ம போட்டு சூசை மாமா அழுறாரு கேட்டியா? ஒன் பேரச் சொல்லிச் சொல்லி அழுறாரு. அடுத்த தடவையும் இதே மாதிரி விட்டுரு, என்னா? ஒனக்கு ஒரு சூர ஐஸ்ல வெச்சு அனுப்புதேன்."

"சரிலே," என்றாள் பிளாவியா.

சூரை பேருந்துப் பார்சலில் வந்தது. செவுள் இரண்டும் விரிந்து, வாய் முழுதாகத் திறந்திருந்தது. வலையில் மாட்டிச் செத்த மீனின் வாய் அப்படி இருக்காது. துண்டுபோட்டு அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டாள். நல்ல ருசி என்று சொன்னார்கள்.

அடுத்த மூன்று வாரங்களில் பன்னிரண்டு மிதவைகளிலுமாகப் பதினான்கு பொய்க் காய்ச்சல்கள் வந்தன. அதற்கு அடுத்த மூன்று வாரங்களில் நான்கு. பிறகு ஒன்று. ஐப்பசி இரண்டாம் வாரம் வேதாரண்யத்தில் மழை கொட்டியது. தட்சிணாமூர்த்தி தன் கைபேசியைக் கொண்டுவந்து காட்டினார். நாற்றங்காலில் முழங்கால் தண்ணீர்; நடுவில் ஒரு பெண் சேலையைத் தூக்கிச் செருகி நின்றாள். "சித்தப்பா மவன் பொண்டாட்டி," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அன்று மத்தியானம்தான் ததேயுவின் கடைசி அழைப்பு வந்தது. பின்னணியில் எஞ்சின் சத்தம் இல்லை. யாரும் பேசும் சத்தமும் இல்லை.

"இருபத்தாறு நாளாச்சுக்கா. பதினேழு, பதினாறு, பதினொண்ணு எல்லாம் போயாச்சு. ஒரு கூனிகூட இல்ல. தண்ணி நல்லாக் குளுந்துதான் கெடக்கு. அடுப்பு எரியுது, ஒண்ணும் வேவல. ஒங்க குழாயில எதாவது பழுதாக்கும். நீ கொஞ்சம் பாத்துச் சரிபண்ணி விடுக்கா. ஒனக்குத் தெரியாததா?"

பார்க்கிறேன் என்று சொல்லி வைத்தாள். மேசையில் ஆண்டறிக்கை பாதியில் நின்றது. பழுதுகள் என்ற தலைப்பின் கீழ், பதினேழாம் மிதவைக்கு எதிரே, தீர்வு என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. அவள் நிரப்பினாள்:

குழாய்களின் வாய் தொண்ணூறு மீட்டரிலிருந்து நானூறு மீட்டருக்கு இறக்கப்பட்டது. அங்குள்ள நீரில் ஆக்ஸிஜன் இல்லாததால் மீன் சேர்வதில்லை. மீன் சேராததால் படகுகள் வருவதில்லை. படகுகள் வராததால் வெப்பமானி சரியாகக் காட்டுகிறது.